வடலூர் தருமசாலையில் ஒரு மதியச் சாப்பாடு

கடலூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு விருத்தாசலம் போகிற வழியில், அம்மா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரே என்று வடலூரில் இறங்கினோம். வள்ளலாரின் சத்திய ஞான சபையைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பக்கத்தில், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போடுகிற தருமசாலையில் பந்தி ஆரம்பித்திருந்தது, வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெரியவர் "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்று கூப்பிட, அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

முதலில் சாப்பாடு. சூடான சாதம், சாம்பார், ரசம், பூசணிக்காய்ப் பொரியல், மோர். காரம் குறைவு. கல்யாண விருந்தின் ருசியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் ரசம் அருமை, நான் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். டோக்கன் இல்லை, எந்த ஊர், என்ன ஆள் என்ற கேள்வியும் இல்லை. எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் துணிமூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா. அவருக்குக் கை நடுங்கியதில் ரசம் இலையை விட்டு ஓடிவிட்டது. பரிமாறிய பையன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அவர் சாதத்தைக் கரண்டியால் குழித்துக் கரை கட்டி, மறுபடி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

வேறொரு ஊர்க் கோயில் அன்னதானத்தில், இதே மாதிரி அழுக்கு வேட்டி கட்டிய ஒருவரை "நீ கடைசிப் பந்திக்கு வா" என்று எழுப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, அது இன்னமும் உறுத்துகிறது.

இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம் வள்ளலார் போட்ட அஸ்திவாரம். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் அவர் சோற்றுக்குத்தான் முதலில் இடம் கட்டினார். 1867 மே 23-ல் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, விறகுப் புகை கண்ணில் பட நின்று பார்த்தேன். ஜோதி காட்டும் சத்திய ஞான சபை வந்தது 1872-ல், அதாவது சாமி கும்பிடுகிற இடத்துக்கு முன்னாலேயே சமையல்கட்டு வந்துவிட்டது. பசியைப் போக்குகிற ஜீவகாருண்யத்தையே வழிபாடாக நினைத்தவர், சாதி வேண்டாம் என்றவர், புருஷன் செத்தால் பெண்டாட்டியின் தாலியை வாங்காதீர்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். இதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து இலைக்காரன் யார் என்று கேட்காமல் சோறு போட வேண்டுமென்றால் சாதியை விட்டுத்தானே ஆக வேண்டும்?

இன்னொன்று. புலை (அதாவது புலால் உண்பது), கொலை தவிர்த்தவர்கள் மட்டும் சபைக்குள் வரலாம் என்று எழுதிப்போட்டிருக்கிறது. நான் மீன் சாப்பிடுகிறவன், அதனால் வெளியிலேயே நின்று கும்பிட்டேன். சோற்றுக்கு அந்த நிபந்தனையும் கிடையாது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போகிறவர்களுக்கு: தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம், கூட்டம் தாங்காது, வயதானவர்களை அழைத்துக்கொண்டு போவதானால் சாதாரண நாளில் போங்கள். வெறுங்கையோடு போனாலும் சாப்பாடு உண்டு. கொடுக்க நினைத்தால் அரிசியோ காய்கறியோ கொண்டுபோகலாம். அடுத்த மாதம் அம்மா பெயரில் ஒரு மூட்டை அரிசி இறக்கப்போகிறேன், பரிமாற ஆள் வேண்டுமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.