ஐஐடி மெட்ராஸ், அண்ணா யுனிவர்சிட்டி வேலை பக்கங்கள்: ரொம்ப வருஷமா பாத்துட்டு வர்றவளோட அனுபவம்

ஐஐடி மெட்ராஸ்ல வேலை எதுவும் வரலையேன்னு யாராவது பொலம்பினா நான் முதல்ல கேக்குறது எந்தப் பக்கத்துல பாத்தீங்கன்னுதான். ஏன்னா அங்க எல்லா வேலையையும் ஒரே இடத்துல போட மாட்டாங்க, ப்ரொஃபசர் வேலைக்கு ஒரு பக்கம், ஆபீஸ், லேப் மாதிரி பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு வேற, ஆராய்ச்சி ப்ராஜெக்ட் வேலையெல்லாம், அந்த ப்ராஜெக்ட்களைப் பாத்துக்கிற ஐசி அண்ட் எஸ்ஆர்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அவங்க தனியா போடுவாங்க.

ப்ரொஃபசர் பக்கம் நமக்கு ஆகாது, பிஎச்டி வேணும், விட்டுடுவோம்.

பர்மனென்ட் ஸ்டாஃப் அறிவிப்பு எப்பவாவதுதான் வரும். ஜூனியர் அசிஸ்டன்ட்னா அடிப்படை சம்பளம் 21,700, அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி). இந்த லெவல் மத்திய அரசு வேலைக்கெல்லாம் 2016லேர்ந்து இன்டர்வியூ கிடையாது, எழுத்துத் தேர்வும் ஸ்கில் டெஸ்டும்தான், அதனால யாரையாவது தெரிஞ்சாத்தான் கிடைக்கும்ங்கற பயம் வேணாம். ஆனா நம்மூர் ஆளுங்க மாட்டிக்கிறது சர்டிஃபிகேட்ல. தாலுகா ஆபீஸ்ல வாங்கின பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை அப்படியே அப்லோட் பண்ணிடுறாங்க, அது மாநில அரசுக்குதான் செல்லும், இங்க கேக்குறது சென்ட்ரல் ஃபார்மேட்ல க்ரீமி லேயர், அதாவது வசதியான பிரிவு, இல்லைன்னு போட்ட ஓபிசி சான்றிதழ். இ-சேவைல அப்ளை பண்ணி கைக்கு வர நாளாகும், அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க.

உண்மையில வேலை ஓடிட்டே இருக்கிறது ஐசி அண்ட் எஸ்ஆர் பக்கத்துலதான். லேப் ஆளுங்க மட்டும் இல்ல, அக்கவுன்ட்ஸ், அட்மின் ஆளுங்களையும் எடுப்பாங்க. டைம் கம்மியா குடுப்பாங்க, வாரம் ரெண்டு தடவையாவது எட்டிப் பாக்கணும். ஜேஆர்எஃப், அதாவது ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ வேலைக்கு நெட் தேர்வு இல்லன்னா கேட் தேர்வு ஸ்கோர் கேப்பாங்க, 31,000 இருந்த ஸ்டைபண்டை 2023 ஜனவரிலேர்ந்து 37,000 ஆக்கினாங்க, எச்ஆர்ஏ தனி. ஸ்கோர் இல்லாதவங்க ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்னு வர்றதை பாருங்க. சில அறிவிப்புல தகுதி ஒரே ஒரு ஆளுக்கு அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி இருக்கும், குறிப்பிட்ட மெஷின்ல இத்தனை வருஷ அனுபவம், குறிப்பிட்ட சாஃப்ட்வேர்னு, அது ஏற்கனவே லேப்ல இருக்கிறவருக்குன்னு நான் நெனச்சுப்பேன், ஆனாலும் அப்ளை பண்ணிடுவேன், காசா பணமா. எல்லாமே கான்ட்ராக்ட்தான், வருஷா வருஷம் நீட்டிப்பாங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, இதைத் தெரிஞ்சுட்டு சேரணும்.

அண்ணா யுனிவர்சிட்டி கதை வேற. ப்ரொஃபஷனல் அசிஸ்டன்ட், கிளரிகல் அசிஸ்டன்ட், ப்யூன் எல்லாம் ஒவ்வொரு துறையும் சென்டரும் தினக்கூலி அடிப்படைல எடுப்பாங்க, பிடிஎஃப்பா வரும், பல தடவை ஃபார்மை பிரிண்ட் எடுத்து ஃபில் பண்ணி, போட்டோ ஒட்டி, சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் சேத்து, கவர் மேல என்ன போஸ்ட்டுன்னு எழுதி டைரக்டருக்கு தபால்ல அனுப்பணும். கடைசித் தேதின்னா கவர் அவங்க கைக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி, நாம போஸ்ட் பண்ற தேதி இல்ல, அதனால கிண்டி பக்கம் இருக்கிறவங்க நேர்லயே குடுத்துட்டு ஜெராக்ஸ் காப்பில சீல் வாங்கிடுங்க.

ரெண்டு இடத்துலயும் செலக்ட் ஆகலைன்னா தனியா பதில் வரும்னு எதிர்பாக்காதீங்க. இன்டர்வியூக்கு வெளியூர்லேர்ந்து வந்தாலும் பெரும்பாலும் பஸ் காசு நம்மளோடதுதான், ஆன்லைன்ல வெக்க முடியுமான்னு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, சில ப்ரொஃபசர்ங்க சரின்னுடுவாங்க.