பட்டா யார் பேரில் இருக்கிறது?

2025 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஊத்தங்கரையில் வந்து இறங்கினேன். ஃபிஜியில் நாடி விமான நிலையத்தில் கிளம்பி சிங்கப்பூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி என்று வந்து சேர இரண்டு நாள் ஆனது. பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வந்தன, வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. நான் பார்க்க வந்தது சித்தப்பா வீட்டை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடலுக்கும் எங்களுக்கும் அவ்வளவு தூரம். இருந்தும் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை ஃபிஜியின் லௌடோகா நகரில் நர்ஸ் வேலைக்கு நடுவே பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் செம்மண் கோடு அப்படியே இருந்தது. கேழ்வரகு மூட்டை நனைந்து, சாக்குக்குள்ளேயே முளைவிட்டுப் போயிருந்தது. பாஸ்புக்கைச் சித்தி அடுப்பு மேட்டில் வைத்துக் காயவைத்திருந்தார். பிரித்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கணக்கு எண்ணில் கடைசி நாலு இலக்கம்தான் தெரிந்தது.

முதலில் அதைச் சரிசெய்யக் கிளம்பினோம். இ-சேவை மையத்தில் இருந்த பெண் கைரேகை வாங்கி, அரை மணி நேரத்தில் இருவருக்கும் ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தார். சித்திக்கு எழுத்து தெரியாது என்றதும் ரேஷன் கார்டு விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லித் தீராது. வங்கிக்குத்தான் மூன்று நாள் நடந்தோம். முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை, அடுத்த நாள் கையெழுத்துப் போடுபவர் லீவு. மூன்றாம் நாள் புது பாஸ்புக் கைக்கு வந்தது. எழுபது வயதுக்காரரை இப்படி அலைய விடுவது தப்பு. வெள்ளம் வந்த ஊரில் நனைந்த பாஸ்புக்கை மாற்ற ஒரு மேசையைத் தனியாகப் போட்டால் போதுமே.

அப்புறம் பயிர் விஷயம். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று மாநில அரசு அறிவித்திருந்தது. சித்தப்பா பயிர் வைத்தது ஒன்றரை ஏக்கர் நெல். கணக்குப் போட்டால் பத்தாயிரம் ரூபாய் சொச்சம் வரும். உழவுக்கும் நடவுக்கும் அவர் செலவழித்ததற்கு அது ஈடாகாது. ஆனாலும் அடுத்த விதைப்புக்குக் கையில் ஏதாவது வேண்டுமே.

"காசு வந்துச்சு பாப்பா. நிலத்துக்காரருக்கு வந்துச்சு," என்றார்.

நிலம் குத்தகை, அதுவும் வாய்ப்பேச்சில். கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டு அந்தப் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். நிலத்துக்காரர் நல்லவர்தான். பாதியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆனால் முழுப் பயிரும் போனது சித்தப்பாவுக்கு.

ஃபிஜியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் அடித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். சுமார் 9 லட்சம் பேர் உள்ள நாட்டில் 44 பேர் இறந்தார்கள். நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சேதம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடற்படைக் கப்பல்களை அனுப்பின, இந்தியாவும் உதவி அனுப்பியது. கேட்காமல் வந்த சாமான்கள்தான் துறைமுகத்தை அடைத்தன. அந்த வெயிலில் யாருக்குக் கம்பளி வேண்டும்?

அங்கே உருப்படியாக வேலை செய்தது பணம். ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை போகும் பட்டியல் அரசிடம் ஏற்கெனவே இருந்தது. அதே பட்டியலை வைத்து மூன்று மாதத் தொகையைச் சேர்த்துப் போட்டார்கள். பிறகு உலக உணவுத் திட்டமும் அதே பட்டியலில் உணவுக்கான தொகையைக் கூட்டிக் கொடுத்தது. இடிந்த வீட்டைச் சரிசெய்யத் தனியாக ஒரு பண அட்டை வந்தது. சேதத்தைப் பொறுத்து 1,500, 3,000, 7,000 ஃபிஜி டாலர். அதைக் கடையில் காட்டி மரமும் தகரமும் வாங்கிக்கொள்ளலாம்.

கூட வேலை பார்க்கும் அக்காவுக்கு ராக்கிராக்கியில் கரும்புக் காட்டில் மர வீடு. அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறிப் போனவர். நிலம் பூர்வகுடி ஃபிஜியர்களுடையது, இவர்கள் குத்தகைக்காரர்கள். அந்தக் குத்தகை 30 வருடத்துக்கு எழுத்தில் இருக்கிறது. அட்டை அந்த அக்கா பேரிலேயே வந்தது. அங்கேயும் எல்லாம் சுளுவாக நடந்துவிடவில்லை. கடைகளில் மரமும் தகரமும் தீர்ந்துபோய், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார். என்றாலும் அது தன் பணம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகைதாரர் பேரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுப்போம், எழுத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். பேரை ஏற்றினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர்கள் பயப்படுவது அவருக்குத் தெரியும். "மனு கொடுத்தா அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது பாப்பா," என்றார்.

குறைந்தபட்சம் வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பிலாவது, பயிர் வைத்தவர் யார் என்று வயலில் நின்று நாலு பேரைக் கேட்டு எழுதலாம். அதற்கு யாருடைய பட்டாவையும் தொட வேண்டியதில்லை. இதைக் கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ரசீது சித்தியின் புது பாஸ்புக்குக்குள் இருக்கிறது.