கலைஞ்ச எழுத்த சேர்த்து வார்த்த பிடிக்க: ஆப்பா, பேப்பர் பென்சிலா?
ஆறு மாசமா ரெண்டையும் பண்ணிப் பாத்தாச்சு, இப்ப ஆப்ப தூக்கிட்டு பேப்பர்லதான் போடறேன், அதனால நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன்.

ஆப் ஃப்ரீ, பஸ்ல நின்னுக்கிட்டே ஆடலாம், விளம்பரம்தான் உயிர வாங்கும். வில்லன் அதுல எழுத்த மாத்தி மாத்திப் போடற ஷஃபிள் பட்டன். யோசிக்கறதுக்குள்ள விரல் தானா அங்க போயிடும், பத்து தட்டு தட்டினா ஏதோ ஒண்ணு வார்த்த மாதிரி தெரியும், அடுத்த லெவல். இருநூறு லெவல் தாண்டியும் ஞாயித்துக்கிழம பேப்பர் புதிர்ல அண்ணிகிட்ட தோத்தேன்.

பேப்பர்ல அந்த பட்டன் இல்ல, எழுத்த உத்துப் பாத்தே ஆகணும். புள்ளி வச்ச எழுத்த முதல்ல பிடிங்க. சி, ம், டா, ப, ட், பூ, ச். ஏழு எழுத்து, 5040 விதமா அடுக்கலாம். ஆனா ச் பின்னாடி ச வரிசை மட்டும்தான் வரும், ச்சி ஒட்டிக்கிச்சு. ட் போய் டா-வ இழுத்துக்கும். ம் கடைசியிலயும் உக்காரலாம், அதான் ஒரே தொல்ல, இங்க பூ-வோட சேத்துப் பாருங்க. ட்டா, ச்சி, ம்பூ எதுவும் முதல்ல நிக்காது, அப்ப முதல் எழுத்து ப. மிச்ச மூணு துண்டுக்கு ஆறே வழி. பட்டாம்பூச்சி! எந்தப் புள்ளி எழுத்து பின்னாடி எது வரும்னு ஸ்கூல்ல மெய்ம்மயக்கம்னு தூங்கிக்கிட்டே கேட்டோமே, அதேதான். க், ச், ட், த், ப், ற் தமிழ்ச் சொல்லு கடைசியில நிக்காதுங்கறதையும் சேத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அகராதிய மனப்பாடம் பண்றது மூணாவது வழி. நைஜல் ரிச்சர்ட்ஸ்னு நியூசிலாந்துக்காரர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்களை மட்டும் மனப்பாடம் பண்ணி 2015ல பிரெஞ்சு ஸ்கிராபிள்ல, அதான் எழுத்துக் கட்டைய அடுக்கி வார்த்த போடற ஆட்டத்துல, உலக சாம்பியன் ஆனார். நமக்கு பால் கணக்கே ஞாபகம் நிக்கறதில்ல, அதனால அந்தப் பக்கம் போகல. இங்கிலீஷ் புதிருக்கு ஆப்பே நல்லதா இருக்கலாம், அங்க புள்ளி கிடையாதே, நான் அதுல அதிகம் ஆடினதும் இல்ல.

இன்னும் அண்ணிதான் முன்னாடி. போன வாரம் க், ர், ட, டா. க் பின்னாடி க வரணுமேன்னு நான் இல்லாத க-வ தேடிக்கிட்டிருந்தேன், அவங்க தோசைய திருப்பிக்கிட்டே சொல்லிட்டாங்க, டாக்டர்.