மக் பிரிண்டிங் ஆரம்பிக்க எப்சன் எல்1210 போதும், மிச்ச காச இங்க்ல போடுங்க

வீட்ல இருந்தே மக், போட்டோ டைல், கீசெயின் பிரிண்ட் பண்ணி சின்னதா தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்க முதல்ல கேக்குறது எந்த பிரிண்டர் வாங்கலாம்னுதான். இதுக்கு பேரு சப்ளிமேஷன், அதாவது இதுக்குன்னே இருக்குற இங்க்ல டிசைன பேப்பர்ல அடிச்சு, ஹீட் பிரஸ்னு சூடா அமுக்குற மெஷின்ல வெச்சு அந்த கலர மக்குக்கோ துணிக்கோ ஏத்துறது. நான் நேரா சொல்லிடுறேன், எப்சன் எல்1210 வாங்குங்க. ஏ4 சைஸ், நாலு கலர், பிரிண்ட் மட்டும்தான் எடுக்கும், ஸ்கேனர் கிடையாது, வைஃபை கிடையாது, யூஎஸ்பி கேபிள் மாட்டிதான் ஓட்டணும். முன்னாடி இந்த லைன்ல எல்லாரும் எல்130 வெச்சு ஓட்டிட்டு இருந்தாங்கல்ல, அந்த இடத்துக்கு இப்ப இதுதான் சரியா வருது.

எப்சன்தான் வேணுமானு கேட்டா, ஆரம்பிக்கறவங்களுக்கு ஆமா. ஹெச்பி, கேனான் இங்க்ஜெட் எல்லாம் ஹெட்டுக்குள்ள, அதாவது இங்க்க பேப்பர்ல தெளிக்கிற பாகத்துக்குள்ள, ஒரு குட்டி ஹீட்டர் இங்க்க சூடாக்கி குமிழ் வர வெச்சு அந்த வேகத்துல இங்க்க வெளிய தள்ளுற டைப், சப்ளிமேஷன் இங்க்குக்கு சூடு படவேண்டிய இடம் ஹீட் பிரஸ்தான், ஹெட்டுக்குள்ளயே சூடு பட்டா சரிப்பட்டு வராது. எப்சன்ல பீசோ ஹெட், கரண்ட் போனா அசையிற ஒரு பொருள் இங்க்க அமுக்கி தள்ளுது, சூடே கிடையாது. பிரதர்லயும் பீசோதான், ஆனா நம்ம ஊர்ல இங்க், ஐசிசி ப்ரொஃபைல் (அந்த இங்க்குக்கு ஏத்த மாதிரி கலர சரி பண்ற ஃபைல்), ரிப்பேர் பாக்குற ஆள் எல்லாம் எப்சனுக்குதான் சுலபமா கிடைக்குது, அதனால புதுசா வர்றவங்க வேற பக்கம் போகவே வேண்டாம்.

மக்குக்கு ஏ4 தாராளமா போதும். சாதாரண 11 அவுன்ஸ் மக்குக்கு டிசைன் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் வரும், ஒரு ஏ4 ஷீட்ல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா மூணு மக் டிசைன் உக்காந்துடும். ஸ்கேனர் வேணும்னா எல்3210 பாருங்க, அதே நாலு கலர், ஸ்கேன் காப்பி ரெண்டும் இருக்கு. தாத்தா பாட்டி கல்யாண போட்டோ, ஓரம் கிழிஞ்ச பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ எல்லாம் கொண்டு வந்து இத டைல்ல போட்டு குடுங்கன்னு கேக்குற பார்ட்டிங்க நிறைய பேர் வருவாங்க, அந்த மாதிரி ஆர்டர் உங்க ஏரியால இருந்தா அந்த ஸ்கேனருக்கு குடுக்குற காசு வீண் போகாது.

ஆறு கலர் எல்8050 நல்ல மெஷின்தான், லைட் சயான் லைட் மெஜந்தா இருக்கறதால முகத்தோட ஸ்கின் டோன் இன்னும் வழவழன்னு வரும். ஆனா விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, இங்க்கும் ஆறு பாட்டில் வாங்கணும். மக்ல அந்த வித்தியாசத்த கஸ்டமர் கண்டுபிடிக்கறது கஷ்டம், பெரிய போட்டோ பேனல் மெட்டல் ஷீட் பண்றவங்களுக்கு மட்டும் சொல்வேன். எப்சனே சப்ளிமேஷனுக்குன்னு எஃப்130 மாடல் போட்டிருக்காங்க, கம்பெனி இங்க் 140 மில்லி பாட்டில்ல வருது, வாரண்டி கவலையே இல்ல, ஆனா பட்ஜெட்ல ஆரம்பிக்கறவங்களுக்கு அது எட்டாது. எல்1210ல வேற இங்க் ஊத்தினா வாரண்டிய மறந்துடணும், இதயும் தெரிஞ்சுகிட்டே வாங்குங்க.

வாங்கின உடனே பாக்ஸ்ல வர்ற கம்பெனி இங்க்க ஊத்திடாதீங்க. புது டேங்க்ல முதல்ல போறதே சப்ளிமேஷன் இங்க்கா இருக்கணும். ஏற்கனவே சாதா இங்க் ஓடின மெஷின்னா டேங்க், டியூப், ஹெட் எல்லாம் ஃப்ளஷ் பண்ணணும், கொஞ்சம் பழசு மிஞ்சினாலும் கலர் கெட்டு போயிடும்.

இப்ப இங்க். இந்த தொழில்ல ஜெயிக்கறதும் தோக்கறதும் இங்கதான்னு நான் உறுதியா நம்புறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சுத்து சுத்தினா லேபிள்கூட ஒழுங்கா இல்லாத சைனா இங்க்ல ஆரம்பிச்சு கொரியாவோட இங்க்டெக் சப்ளிநோவா வரைக்கும் எல்லா ரேட்லயும் காட்டுவாங்க. பேப்பர்ல பாத்து எதயும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா எந்த சப்ளிமேஷன் இங்க்கா இருந்தாலும் பேப்பர்ல மங்கலாதான் இருக்கும், பிரஸ் பண்ணினப்புறம்தான் கலர் எழும்பும். அதனால கருப்ப பாருங்க. மட்டமான இங்க்ல கருப்பு பிரஸ் ஆனதும் பச்ச அடிக்கும், இல்ல காப்பி கலருக்கு போயிடும், முடி எல்லாம் செம்பட்டையா தெரியும். கருப்புல இருந்து வெளிர் சாம்பல் வரைக்கும் ஒரு பட்டை, பக்கத்துல ஒரு முகம், இத ஒரு மக்லயும் ஒரு பாலியஸ்டர் துணிலயும் அடிச்சு பாத்தீங்கன்னா அந்த இங்க்கோட வண்டவாளம் தெரிஞ்சிடும்.

கடைக்காரர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, இந்த இங்க்குக்கு எப்சனுக்கான ஐசிசி ப்ரொஃபைல் இருக்கா. இருந்தா ஃபோட்டோஷாப்ல பிரிண்ட் குடுக்கும்போது கலர் மேனேஜ்மெண்ட்ட ஃபோட்டோஷாப் பாத்துக்கட்டும்னு வெச்சு அந்த ப்ரொஃபைல செலக்ட் பண்ணுங்க, பிரிண்டர் டிரைவர்ல கலர் கரெக்ஷன ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் ஆன்ல இருந்தா கலர் ரெண்டு தடவ மாறும். ரெண்டாவது, எப்ப தயாரிச்சது. சப்ளிமேஷன் இங்க்ல டை கரைஞ்சு இருக்காது, தூளா மிதந்துட்டு இருக்கும், நாளாக நாளாக அடில தங்கும், பழைய ஸ்டாக் ஹெட்ட அடைக்கும். பாட்டில மெதுவா ஆட்டிட்டுதான் ஊத்தணும். ஒரு இங்க் செட் ஆச்சுன்னா அதயே கடைசி வரைக்கும் ஓட்டுங்க, மீதி இருக்கறதுக்கு மேல வேற பிராண்ட கலந்து ஊத்துற வேலையே வேண்டாம்.

ஆர்டர் இல்லாத நாள்லயும் மெஷின சும்மா போடக்கூடாது, ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா நாலு கலரும் வர்ற மாதிரி ஒரு சின்ன பிரிண்ட் எடுத்துடுங்க. அடைப்பு வந்தா ஹெட் கிளீனிங்க திரும்ப திரும்ப போடாதீங்க, அந்த இங்க் எல்லாம் கீழ இருக்க வேஸ்ட் பேட்லதான் (வீணாகுற இங்க்க உறிஞ்சிக்கிற பஞ்சு) போய் சேரும், அது நிறைஞ்சா பிரிண்டரே நின்னுடும். ஒரு கிளீனிங், அப்புறம் எல்லா கலரும் விடாம வருதான்னு பாக்குற நாசில் செக் பிரிண்ட், அப்படியும் வரலன்னா சில மணி நேரம் விட்டுட்டு திரும்ப பாருங்க.

பேப்பர் 100 ஜிஎஸ்எம் சப்ளிமேஷன் பேப்பர், டிசைன மிரர் பண்ணி அடிக்கணும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் பக்கம் இருக்கறவங்க பாக்கெட்ட திறந்து போட்டுடாதீங்க, பேப்பர் ஈரம் இழுத்துச்சுன்னா பிரஸ்ல கலர் கசியும், திட்டு திட்டா வரும். மக்குக்கு 180 டிகிரில இருந்து 190க்குள்ள, ரெண்டரைல இருந்து மூணு நிமிஷம். டீஷர்ட்டுக்கு 200 டிகிரி பக்கம் ஒரு நிமிஷம் போதும், ஆனா துணி பாலியஸ்டரா, வெள்ள இல்ல வெளிர் கலரா இருக்கணும். திருப்பூர்ல சல்லிசா கிடைக்குதேன்னு காட்டன் டீஷர்ட் எடுத்துட்டு வந்து இதுல போட்டா முதல் துவைப்புலயே வெளுத்துடும், சப்ளிமேஷன் டை காட்டன்ல ஒட்டாது. ஜெர்சி ஆர்டர் நிறைய வருதுன்னா அப்ப ஏ3 பிளஸ் எடுக்குற எல்11050க்கு போங்க, அதுவும் நாலு கலர்தான்.

இங்க்க எடுத்த எடுப்புல லிட்டர் கணக்குல வாங்காதீங்க, 100 மில்லி செட் ஒண்ணு வாங்கி உங்க மக், உங்க பிரஸ், உங்க பேப்பர்ல அடிச்சு பாத்துட்டு அப்புறமா பெரிய பாட்டிலுக்கு போங்க.