மலையக மழையில சைக்கிள்: ரெயின்கோட்ட விட மட்காட்தான் முக்கியம்

மொதல்லயே சொல்லிடுறேன், நம்ம பக்கத்து மழையில நனையாம சைக்கிள் ஓட்டவே ஏலாது. வெளியில இருந்து மழை நனைக்கலன்னா உள்ள இருந்து வேர்வை நனைச்சிரும். எனக்கு தலவாக்கலை டவுன்ல ஒரு கொமினிகேஷன்ல (போன், போட்டோகொப்பி கடை) வேலை, வீடு மேல தோட்டத்துல, அதனால காலையில எறக்கம் பின்னேரம் ஏத்தம், லீவு நாள்ல நானுஓயா வழியா நுவரெலியா வரைக்கும் போவேன். மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவம், வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கமெல்லாம் நாள்கணக்கா விடாம ஊத்தும், அந்த நேரம் பண்டாரவளை பக்கத்து ஆக்களுக்கு வெறும் காத்துதான், அவங்களுக்கு மழை வருசக் கடைசியில. இந்த மழைக்குள்ள வருசக்கணக்கா ஓட்டினதுல எது ஒதவுச்சு, எது காசுக்குக் கேடுன்னு சொல்றேன்.

வெளிநாட்டுல இருக்க சின்னம்மா மகன் நல்ல கோர்டெக்ஸ் ஜெக்கட் ஒன்னு அனுப்பியிருந்தான், மழைத் தண்ணிய உள்ள விடாம வேர்வை ஆவிய மட்டும் வெளிய விடுற துணி. சாமான் நல்ல சாமான்தான், ஆனா அது வேர்வையை வெளிய தள்ளணும்னா உள்ள ஈரம் கூடவும் வெளிய கொறையவும் இருக்கணும். நம்ம ரோட்டுல மூடுபனிக்குள்ள வெளியவும் தண்ணி உள்ளவும் தண்ணி, அது எங்க போய் தள்றது? அதோட மேல்துணி நனைஞ்சு ஊறிப்போச்சுன்னா ஆவி போற வழியே அடைஞ்சிரும், ஏத்தத்துல மிதிக்கிறப்ப உள்ளுக்கு புட்டு அவியுற மாதிரி இருக்கும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுற வரைக்கும்தான் அதுக்கு மரியாதை. உருளாம ஊறத் தொடங்கினா சோப் பவுடர் மிச்சமில்லாம நல்லா அலசி, காயவச்சு, லேசான சூட்டுல மேல ஒரு துணி போட்டு அயர்ன் பண்ணுங்க, திரும்ப கொஞ்ச நாளைக்கு உருளும்.

ஏத்தத்துக்கு நான் இப்ப போடுறது படங்குதான். கொழுந்தெடுக்கிறவங்க இடுப்புல கட்டுறாங்களே, அந்த மாதிரி ஷீட்டுல தெரிஞ்ச டெய்லர் அக்கா ஒருத்தர்கிட்ட சொல்லி தலை போற ஓட்டை வச்சு தச்சுக்கிட்டேன். முன்பக்கம் ஹேண்டிலுக்கு மேல விழும், பெருவிரல் மாட்ட ரெண்டு வளையம், பின்பக்கம் இடுப்போட கட்ட ஒரு நாடா. கீழ தொறந்து கெடக்கிறதால காத்து போய் வரும், வேர்க்கிறது பாதியா கொறைஞ்சிரும். காத்து அடிச்சா மட்டும் பெரிய தொல்லை, வளைவுல பஸ் ஒன்னு உரசிப் போறப்ப பாய் கட்டின தோணி கணக்கா இழுக்கும், அந்த மாதிரி நாள்ல கழட்டி பேக்குல போட்டுட்டு நனைஞ்சே போயிருவேன்.

ஆனா படங்கும் சரி ஜெக்கட்டும் சரி, மட்காட் இல்லன்னா ரெண்டுமே வீண். மேல இருந்து விழுற தண்ணி சுத்தமான தண்ணி, டயர் அள்ளி அடிக்கிறதுதான் சேறும் மணலும் மாட்டுச் சாணியும் கலந்த தண்ணி. பின் சக்கரம் முதுகுலயும், முன் சக்கரம் நேரா சப்பாத்துலயும் அடிக்கும். கடையில வர்ற முன் மட்காட் எல்லாம் ரொம்பக் கட்டை, அதனால எண்ணெய் கேன் ஒன்ன வெட்டி நுனியில ரெண்டு ஆணி போட்டு, தரைக்கு நாலு விரல் மேல நிக்கிற மாதிரி தொங்க விட்டேன். பாக்க அசிங்கம்தான், பொடியன்மார் சிரிக்கிறானுங்க, ஆனா அதுக்குப் பொறகு மேஸ் (சொக்ஸ்) நனையுற வேகமே கொறைஞ்சு போச்சு. காசு ஒரு சாமானுக்குத்தான் இருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு முழு நீள மட்காட் வாங்குங்க.

எறக்கம் வேற கதை. நுவரெலியா 1868 மீட்டர், ஏறி வந்த வேர்வையோட அப்படியே கீழ விட்டா கை வெறச்சு பிரேக் பிடிக்க ஏலாம போயிரும். எறங்க முன்ன நெஞ்சுக்கும் ஜெக்கட்டுக்கும் நடுவுல பழைய பேப்பர் ரெண்டு தாள் வைங்க, வீரகேசரியோ எதுவோ. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஓட்டக்காரங்களே முந்தியெல்லாம் மலை உச்சியில பேப்பர் வாங்கி நெஞ்சுல சொருகிட்டு எறங்குவாங்க. உள்ளுக்கு கொட்டன் பெனியன் வேணாம், நனைஞ்சா ஒடம்போட ஒட்டி சூட்ட உறிஞ்சிரும், கம்பளி நூல்னா ஈரமா இருந்தாலும் சூடு நிக்கும். பெனியன் கையை ஜெக்கட் கையை விட உள்ள தள்ளி விடுங்க, வெளிய எட்டிப் பாத்துச்சுன்னா திரி மாதிரி தண்ணிய முழங்கை வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்திரும்.

ரிம்முல பிடிக்கிற பிரேக் மழையில உடனே பிடிக்காது, சக்கரம் ஒன்னு ரெண்டு சுத்து தண்ணிய வழிச்ச பொறகுதான் பிடிக்கும், அதனால வளைவுக்கு முன்னாலயே லேசா தொட்டுக்கிட்டே போகணும். கரகரன்னு சத்தம் வந்தா பிரேக் கட்டையில மணல் ஏறியிருக்குன்னு அர்த்தம், ஊசியால கிண்டி எடுக்கலன்னா ரிம்மையே அரைச்சிரும். வெள்ளக் கோடு, ரயில் கேட்டுத் தண்டவாளம், மரத்தடியில ஊறிக் கெடக்கிற எலை, இது மேல எல்லாம் பிரேக்கும் வேணாம் சாய்க்கவும் வேணாம். ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் இடி இடிச்சா எதுவும் யோசிக்காம கடைக்குள்ள போயிருங்க.

சப்பாத்துக்குள்ள ஷொப்பிங் பேக் மாட்டுறது பாதி வழிக்குத்தான் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பர் கசக்கி உள்ள அடைச்சு, அடுப்புக்குப் பக்கத்துல வச்சு, ராத்திரி ஒருக்கா பேப்பர மாத்தினா காலையில போடுற பதத்துக்கு வரும், பொகை மணம் இருக்கத்தான் செய்யும். கைக்கு பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவ்ஸ், உள்ள மெல்லிசா கம்பளி கிளவ்ஸ். குளிருக்கு அருமை, ஆனா பிரேக் லீவர் எவ்வளவு அமுங்குதுன்னு கைக்குத் தெரியாது, அதனால ரெண்டு சைஸ் பெருசா இருக்கிற ரப்பர் கிளவ்ஸ எடுக்காதீங்க, கம்பளி கிளவ்ஸுக்கு மேல அளவா இருக்கிறதே நல்லது.