நெல்லை டவுன் பஸ்: எங்கே நம்பி ஏறலாம், எங்கே காத்துக் கிடக்கணும்

டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடக்கிற ஊர் இது. டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ரயில் பாதை, அதைத் தாண்ட ஈரடுக்குப் பாலம். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணி, அதைத் தாண்ட 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலமும் அதை ஒட்டி வந்த புதுப்பாலமும். கூட்டம் முழுக்க இந்த ஒரே தடத்தில் குவிகிறது. பஸ் விடுகிறவருக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது. காலையில் பள்ளி, கல்லூரி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று பாளைப் பக்கம் ஒரு கூட்டம் போனால், கடைக்கும் வேலைக்கும் டவுன் பக்கம் இன்னொரு கூட்டம் வருகிறது. போன வண்டி காலியாகத் திரும்புவதில்லை.

அதனால் டவுன் ஆர்ச், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை மார்க்கெட் தடத்துக்கு 5க்கு 4 கொடுக்கலாம். நேர அட்டவணை பார்க்க வேண்டாம். போர்டில் எந்தக் கிராமத்தின் பெயர் இருந்தாலும் வண்டி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகும், கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறலாம்.

குறைந்த அந்த ஒரு மதிப்பெண், வண்டிகள் ஜோடி ஜோடியாக வருவதற்கு. கணக்கு இப்படி: ஒரு வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 40 நிமிஷம், இரண்டு முனையிலும் 5 நிமிஷம் நிறுத்தம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 90 நிமிஷம். 10 நிமிஷத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் 9 வண்டி போதும். சாயங்காலம் வண்ணார்பேட்டை நெரிசலில் ஒவ்வொரு நடைக்கும் 15 நிமிஷம் கூடினால் சுற்று 120 நிமிஷம் ஆகிவிடும். 12 வண்டி இருந்தால்தான் அதே இடைவெளி நிற்கும். 9 வண்டியையே வைத்து ஓட்டினால் இடைவெளி 13 நிமிஷத்தைத் தாண்டும், அதுவும் ஒரே சீராக இருக்காது. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் பிந்தினாலே அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடும். கூட்டம் ஏற ஏற இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இருக்காது, ஓடிவந்து இதன் வாலைப் பிடித்துவிடும். மணிக்கு 6 வண்டி சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம். அதே 6 வண்டி ரெண்டு ரெண்டாக வந்தால் 10 நிமிஷம். டீசலும் ஆளும் அதேதான், பயணிக்கு மட்டும் காத்திருப்பு இரட்டிப்பு.

புது வண்டி வாங்கினால் மட்டும் இது தீராது. வழியில் ஓரிடத்தில் வண்டியை ஒன்றிரண்டு நிமிஷம் பிடித்து வைத்து இடைவெளியைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். வண்ணார்பேட்டையில் நிறுத்தினால் பின்னால் வருவதெல்லாம் அடைபடும். 2018இல் இடித்துக் கட்டத் தொடங்கி, இப்போது மறுபடி பயன்பாட்டுக்கு வந்திருக்கிற ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட்தான் அதற்குத் தோது. டைம் கீப்பர் வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், முன்னால் போன வண்டி எத்தனை நிமிஷத்துக்கு முன் போனது என்று பார்த்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்டாப்பில் வீணாகிற நேரம் தனிக்கதை. பழைய வண்டியின் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம், தாழ்தள வண்டியில் 40 செ.மீ. முழங்கால் வலிக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்து மூன்று படி ஏறி முடிப்பதற்குள் சிக்னல் மாறிவிடும். ஓர் ஆள் ஏற 3 விநாடி என்றாலும் 40 பேர் ஒரே வாசலில் ஏற 2 நிமிஷம். முன்வாசலும் பின்வாசலும் சேர்ந்து வேலை செய்தால் 1 நிமிஷம். ஏறினவர்கள் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொள்ள, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் தொண்டை வற்றக் கத்துவது இந்த 1 நிமிஷத்துக்காகத்தான். பஸ் ஒதுங்கி நிற்பதற்கென்று சாலையோரத்தைக் குடைந்து கட்டுகிற வளைவும் (bus bay) அப்படி ஒன்றும் வரமில்லை. அதில் ஆட்டோவும் பைக்கும் நிற்கும், பஸ் நடுரோட்டில் நிற்கும், பயணி அந்த வளைவைக் கடந்து ஓடி வந்து ஏறுவார். நடைபாதையையே ஸ்டாப்பில் ஒரு பஸ் நீளத்துக்கு, அதாவது 12 மீட்டருக்கு, சாலைப் பக்கம் நீட்டிவிட்டால் செலவும் குறைவு, வண்டி ஒதுங்கி மறுபடி நுழையப் போராடவும் வேண்டாம்.

புதிய பஸ் ஸ்டாண்ட் தொடர்புக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. 2003இல் வேய்ந்தான்குளத்தில் வந்த நிலையம் அந்த முதுகெலும்புக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. வெளியூர் வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் போவது நல்லதுதான். ஆனால் நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்குகிறவர் டவுனுக்குப் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி பத்துக்கு மேல் மூட்டையோடு இறங்கினால் ஆட்டோதான் கதி, அந்தக் கடைசி சில கிலோமீட்டர் வெளியூர் டிக்கெட்டையே விழுங்கிவிடும். வெளியூர் வண்டி பிந்தினாலும் அதற்காகக் காத்து நிற்கிற ஒரு டவுன் பஸ், 20 நிமிஷத்துக்கு ஒன்று, நள்ளிரவு வரை வேண்டும்.

மேலப்பாளையத்திலிருந்தும் பெருமாள்புரத்திலிருந்தும் கோட்டுக்குக் குறுக்கே போகிறவர்களுக்கு மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான். வீட்டிலிருந்து ஸ்டாப் 400, 500 மீட்டருக்குள் இருந்தால் ஜனம் நடக்கும். அதற்கு மேல் போனால், அதுவும் நெல்லை வெயிலில், பைக் சாவியைத்தான் எடுக்கும்.

பெண்கள் கவனிக்க: 2021 மே முதல் இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கி இறங்கும்வரை வைத்திருங்கள், எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் ஏறுகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிப் பக்கம் எந்த வண்டியையும் நம்ப வேண்டாம். ஜங்ஷனிலேயே இறங்கி, ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தட்டு வழியாக நடையைக் கட்டலாம்.