ஏழு வருஷம், ஒரே நோட்டு: நான் சேர்த்து வைத்த ஆங்கில வாக்கியங்கள்

பாண்டியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு வீதி உள்ளே, பத்து அறை உள்ள ஒரு பழைய வீட்டு விடுதியில் ரிசப்ஷன் வேலை எனக்கு. ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். 2018-ல் சேர்ந்த முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. நேரில் நிற்கிற ஆளிடம் கையைக் காட்டிச் சிரித்துச் சமாளித்துவிடலாம். மெயிலில் சிரிப்பு போய்ச் சேராது. அந்த வாரமே மஞ்சக்குப்பத்தில் ரூ.60 கொடுத்து ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு வாங்கி, எழுதுவதற்குத் தேவையான ஆங்கில வாக்கியங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். அந்த நோட்டைப் பற்றித்தான் இது.

முதல் நாற்பது பக்கம் வீண். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு புத்தகத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதினேன். தபால் நிலையத்தில், டாக்டரிடம், தையல்காரரிடம் என்று தலைப்பு போட்டு வரிசையாக வாக்கியங்கள். காலை பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டியதும் நோட்டைத் திறந்தால் அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் நான்கு பக்கம் மனப்பாடமாகும், சாயங்காலம் திரும்பும்போது ஒன்றுகூட நினைவில் இருக்காது. தையல்காரரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டிய நிலைமை இதுவரை எனக்கு வந்ததில்லை.

நாற்பத்தோராம் பக்கம்தான் நோட்டுக்கு உயிர் வந்த இடம். ஒரு வெளிநாட்டு விருந்தினர் அட்வான்ஸ் அனுப்பியிருந்தார், தொகை கொஞ்சம் குறைவாக வந்திருந்தது. வங்கிக் கட்டணம் பிடித்திருக்கிறார்களா என்று கேட்க நினைத்து, 'ஐ ஹேவ் எ டௌட் அபௌட் யுவர் பேமெண்ட்' என்று அனுப்பினேன். நமக்குச் 'சந்தேகம்' என்றால் வகுப்பில் கை தூக்கிக் கேட்பதும் அதுதான், ஒருவன் மேல் வருவதும் அதுதான். இந்திய ஆங்கிலத்தில் 'டௌட்'டும் அப்படியே பழகிவிட்டது. அவருக்கோ, நான் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னது மாதிரி இருந்திருக்கிறது. வங்கி ரசீது, பாஸ்போர்ட் நகல் எல்லாம் சேர்த்து ஒரு நீண்ட பதில் வந்தது. படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அன்றைக்கு நோட்டில் எழுதியது: 'ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் தி பேமெண்ட்.' அதற்குக் கீழே சிவப்பு மையில், யாருக்கு எழுதினேன், என்ன ஆச்சு என்று தமிழில் மூன்று வரி. அதற்கப்புறம் இதுவே வழக்கம். ஆங்கில வாக்கியம் நீல மை, அதன் கதை சிவப்பு மை. கதையில்லாத வாக்கியத்தை நோட்டில் ஏற்றுவதில்லை.

இரண்டாவது அடி தேதியில் விழுந்தது. ஓர் அமெரிக்கக் குடும்பம் 08/07 என்று எழுதியிருந்தது. நான் ஜூலை 8-க்கு அறையைப் பூட்டி வைத்தேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். ஆகஸ்ட் 7-ஆம் தேதி பெட்டியோடு வாசலில் நின்றார்கள், அறை இல்லை. அதனால் வந்த வாக்கியம், 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம், யூ ஆர் அரைவிங் ஆன்' என்று தொடங்கி மாதத்தின் பெயரை எழுத்தில் போடுவது. நோட்டிலேயே அதிகம் உழைத்த வரி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பாண்டிக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் ஆங்கிலம். 'வீ டிமாண்ட் எ ரூம் வித் பால்கனி' என்று ஒரு வயதான தம்பதி எழுதியிருந்தார்கள். இதென்ன அதிகாரம் என்று எனக்குக் கோபம். எங்கள் ஓனரம்மா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். "அட, கோச்சுக்காதப்பா. அவங்க பாஷையில தெமாந்தேன்னா சும்மா கேக்கறதுதான்" என்றார். அதே மாதிரி இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை 'இவென்சுவலி' வருவோம் என்று எழுத, எப்படியும் வந்துவிடுவார்கள் என்று நம்பி வேறு ஆளைத் திருப்பி அனுப்பினேன். வரவில்லை. பிரெஞ்சில் அதே சாயலில் உள்ள சொல்லுக்கு 'ஒருவேளை' என்றுதான் அர்த்தமாம். இதற்கெல்லாம் நோட்டின் கடைசியில் தனியாக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்', அதாவது 'ஆவன செய்யவும்', இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் ஆங்கிலம். அவன் ஊரில் வழக்கொழிந்து போனது, நாம் விடாமல் வைத்திருக்கிறோம். ஒரு லண்டன்காரருக்கு அனுப்பியபோது, 'நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியுமா' என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். அதற்காக அதை நான் தூக்கிப் போடவில்லை. உள்ளூர் வங்கிக்கோ மின்துறைக்கோ எழுதும்போது 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'நீட்ஃபுல்'லில் முடித்தால்தான் கடிதம் கடிதமாகத் தெரிகிறது. இதை எல்லாம் தப்பு என்று சிரிக்கிறவர்கள் ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கவுன்டரில் போய் நின்று பார்க்கட்டும்.

'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால் வெறும் 'யெஸ்' எழுதக்கூடாது, 'ஆமாம், எனக்கு ஆட்சேபணை உண்டு' என்றாகிவிடும். 'நாட் அட் ஆல்' என்றால் சரி. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின்னால் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'. இதெல்லாம் ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும்.

நோட்டு கைவிட்ட நாளும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரத்து மெயில்கள் குவிந்தன. அப்போது அழகான நீள வாக்கியங்கள் நிறைய எழுதிப் பழகினேன், 'சர்க்கம்ஸ்டன்ஸஸ் பியாண்ட் அவர் கண்ட்ரோல்' போல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மறுநாள் கரண்ட் இல்லை, வீதியில் முழங்கால் தண்ணீர், போனில் பதினோரு சதவீத சார்ஜ். அன்றைக்கு வரவேண்டியவர்களுக்கு அந்த நீள வாக்கியத்தையே அனுப்பினேன். 'அப்படியென்றால் வரலாமா, வேண்டாமா' என்று எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள், இருந்த சார்ஜும் அதிலேயே போனது. இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது நான்கு வரிதான்: 'வீ ஆர் சேஃப். நோ பவர். ரோட்ஸ் ஆர் ஃப்ளடட். ப்ளீஸ் டோண்ட் டிராவல் டுடே.'

இப்போது போனே வாக்கியம் எடுத்துக் கொடுக்கிறது, இந்த நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். போன் தருவதில் பிழை இருப்பதில்லை, ஆனால் எல்லா விருந்தினருக்கும் ஒரே குரலில் எழுதுகிறது. ஆறாவது முறையாக வருகிறவருக்கு 'டியர் வேல்யூட் கெஸ்ட்' என்று போட எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் வில்லியனூரிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறது. நோட்டைக் கொடுத்தேன். நீல மையைத் தள்ளிவிட்டுச் சிவப்பு மையை மட்டும் கதைப் புத்தகம் மாதிரி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு முதல் பக்கத்துக்கு வந்து நின்றது.

"அண்ணா, அகாமடேஷனுக்கு ரெண்டு எம் வருங்க."

பார்த்தேன். அட்டைக்கு அடுத்த பக்கத்தில், ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில் நான் எழுதிய தலைப்பு. ஒரே ஒரு எம்தான் இருந்தது.